ஆடுதொட்டி முதல் அடுப்பு வரை: நீங்கள் வாங்கும் கறியைச் சோதிப்பது யார், புகார் செய்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் நிற்கும்போது வழக்கமாக என்ன கேட்கிறோம்? "அண்ணே, இளசா இருக்கா?", "எலும்பு கம்மியா போடுங்க", "நேத்து கிலோ இவ்வளவு இல்லையே?" இவை எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் "இந்த ஆட்டை எங்கே அறுத்தீங்க? டாக்டர் பார்த்தாரா?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை சட்டப்படி சிலருக்கு இருக்கிறது. கால்நடை மருத்துவர், உள்ளாட்சி அமைப்பு, உணவு பாதுகாப்பு அலுவலர், கடைக்காரர் என்று அது ஒரு சங்கிலி. அதன் கடைசி வளையம், கையில் ஸ்மார்ட்போனோடு கடை வாசலில் நிற்கும் நீங்கள். ஒவ்வொரு வளையமும் என்ன செய்ய வேண்டும், அறுந்தால் நீங்கள் என்ன செய்யலாம் என்பதை இந்தப் பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வளையம்: அறுப்பதற்கு முன் சோதனை

ஆடு, மாடு போன்றவற்றை எங்கே வேண்டுமானாலும் அறுக்க முடியாது. விலங்குகள் வதைத் தடுப்பு இறைச்சிக்கூட விதிகள், 2001-இன்படி, அங்கீகாரம் அல்லது உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும். சென்னைக்காரர்கள் இதை 'ஆடுதொட்டி' என்பார்கள். பெரம்பூர், சைதாப்பேட்டை, வில்லிவாக்கம் ஆகிய இடங்களில் மாநகராட்சியின் கூடங்கள் இருக்கின்றன.

கூடத்துக்கு வரும் விலங்கை முதலில் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா, மூக்கிலோ வாயிலோ நீர் வடிகிறதா, நொண்டுகிறதா, சோர்ந்து படுத்திருக்கிறதா என்று பார்த்துத் தகுதிச் சான்று தருவார். சினையாக இருக்கும் விலங்கு, மூன்று மாதத்துக்குக் குறைந்த வயதுக் குட்டி, மூன்று மாதத்துக்கும் குறைந்த குட்டியை உடைய தாய் ஆகியவற்றை அறுக்கக் கூடாது.

இங்கே ஓர் எண்ணிக்கையை மனதில் வையுங்கள். ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு 96-க்கு மேல் கூடாது. ஒரு விலங்குக்குக் குறைந்தது ஐந்து நிமிடமாவது கிடைக்க வேண்டும் என்பதே இதன் பொருள். 'கும்பலாக நிறுத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பு' என்கிற வேலைக்கு விதியில் இடமே இல்லை.

இரண்டாவது வளையம்: அறுத்த பின் சோதனை

உயிரோடு இருக்கும்போது வெளியே தெரியாத நோய்கள் உண்டு. ஈரலில் தட்டைப்புழு, நுரையீரலில் நீர்க்கட்டி, நிணநீர் முடிச்சுகளில் காசநோய் அறிகுறி ஆகியவை வயிற்றையும் நெஞ்சையும் திறந்த பிறகுதான் கண்ணுக்குப் படும். அதனால்தான் அறுத்த பிறகும் மருத்துவர் உள்ளுறுப்புகளைப் பார்க்கிறார். கெட்ட பகுதி மட்டும் என்றால் அதை நீக்கச் சொல்வார்; நோய் பரவியிருந்தால் முழு உடலையும் கழித்துவிடுவார். இந்த இரண்டு சோதனைகளும் முடிந்த இறைச்சி மீதுதான் கூடத்தின் முத்திரை விழுகிறது.

ஆகவே கடையில் தொங்கும் தொடையில் தெரியும் அந்த மை முத்திரையை அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 'இதை டாக்டர் பார்த்தாச்சு' என்று சொல்லும் கையெழுத்து அது. முத்திரை இல்லையென்றால், "எந்தக் கூடத்தில் அறுத்தது?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கோழிக்கடையில் கதை வேறு. பெரும்பாலான ஊர்களில் கோழியைக் கடையிலேயே அறுக்கிறார்கள். பக்கத்தில் கால்நடை மருத்துவர் நிற்பதில்லை. அங்கே முதல் சோதனை உங்கள் கண்தான். கோழி சுறுசுறுப்பாக நிற்கிறதா என்று பார்த்து, உங்கள் முன்னால் அறுக்கச் சொல்லி வாங்குங்கள். ஏற்கெனவே அறுத்துக் குவித்து வைத்ததை, அது குளிர்பெட்டியில் இல்லாத பட்சத்தில், தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது வளையம்: 14 இலக்க எண்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 நடைமுறைக்கு வந்த நாள் 2011 ஆகஸ்ட் 5. இந்தச் சட்டப்படி கறிக்கடை, இறைச்சிக்கூடம், இறைச்சி பதப்படுத்தும் ஆலை என்று எதுவாக இருந்தாலும் பதிவோ உரிமமோ கட்டாயம்.

எது வேண்டும் என்பது அளவைப் பொறுத்தது. 2011-ஆம் ஆண்டு விதிமுறை வகுத்த கணக்கு இது: ஒரு நாளைக்கு 2 பெரிய விலங்கு, 10 ஆடு, 50 கோழி வரை அறுக்கும் சிறு தொழிலுக்குப் பதிவு போதும். அதற்கு மேல் போனால் மாநில உரிமம். 50 பெரிய விலங்கு, 150 ஆடு, 1,000 கோழி என்ற அளவையும் தாண்டும் கூடங்களுக்கு மத்திய உரிமம். தொழில் பெரிதாக ஆக, மேற்பார்வையும் மேலே போகிறது.

பதிவோ உரிமமோ எடுத்தால் 14 இலக்க எண் கிடைக்கும். அதைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் ரசீதிலும் அச்சிட வேண்டும். அந்த எண்ணைப் படிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும், தமிழ்நாட்டுக்கு 24. எண் 100 என்று தொடங்கினால் அது மத்திய உரிமம்.

எண் உண்மைதானா என்று சந்தேகமா? உங்கள் போனில் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியை இறக்கி, அந்த 14 இலக்கங்களை அடித்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கடை வாசலில் நின்றபடியே முடிகிற வேலை இது.

நான்காவது வளையம்: கடை

சில்லறைக் கறிக்கடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் அதே 2011 விதிமுறையின் நான்காவது அட்டவணையில் தனிப் பகுதி இருக்கிறது. நீளமான அந்தப் பட்டியலில், வாடிக்கையாளர் நின்ற இடத்திலிருந்தே பார்க்கக்கூடியவை இவை:

1. சுவரில் தரையிலிருந்து குறைந்தது ஐந்து அடி உயரம் வரை கழுவக்கூடிய ஓடு அல்லது வழவழப்பான பூச்சு இருக்க வேண்டும்.

2. துருப்பிடிக்காத கொக்கியில் கறி தொங்க வேண்டும். தெருப் புழுதியும் ஈயும் படாமல் கண்ணாடியோ மூடியோ இருக்க வேண்டும்.

3. காட்சிக் குளிர்பெட்டி 4 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டிய கறி என்றால் உறைநிலைப் பெட்டி வேண்டும்.

4. வெட்டும் கட்டை, வெட்டு விழுந்து பள்ளமும் பிளவும் ஆகாத உறுதியான கட்டையாக இருக்க வேண்டும். பள்ளத்தில் தங்கும் பழைய கறித் துணுக்குதான் புதுக் கறியைக் கெடுக்கும்.

5. கழிவுக்கு மூடியுள்ள தொட்டி வேண்டும். காலால் மிதித்துத் திறக்கும் வகையாக இருப்பது சரி.

6. வேலை செய்பவர்கள் ஏப்ரன் அணிந்திருக்க வேண்டும். கடைக்குள் புகைப்பது, வெற்றிலை, புகையிலை மெல்வது, துப்புவது கூடாது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

இந்த ஆறில் எத்தனை உங்கள் வழக்கமான கடையில் இருக்கிறது? அடுத்த முறை போகும்போது சும்மா ஒரு பார்வை பாருங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் முதலில் கடைக்காரரிடமே பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். பல வருடமாக நமக்குக் கறி வெட்டித் தருபவர் அவர். "அண்ணே, ஒரு கண்ணாடி போட்டுட்டா நல்லா இருக்குமே" என்ற ஒரு வார்த்தையிலேயே சரியாகிவிடும் குறைகள் நிறைய உண்டு.

குளிர் ஏன் இவ்வளவு முக்கியம்?

5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பம் கிருமிகள் பெருகும் ஆபத்தான இடைவெளி. வசதியான வெப்பத்தில் சில வகைக் கிருமிகள் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். நான்கு மணி நேரத்தில் 12 முறை இரட்டிப்பு. அதாவது ஒரு கிருமி 4,096 ஆகிவிடும். நம் ஊர் வெயிலில் காலை ஏழு மணிக்குத் தொங்கவிட்ட கறியைப் பதினொரு மணிக்கு வாங்கினால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இது வெறும் கணக்கு அல்ல. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் ஷவர்மா உள்ளிட்ட இறைச்சி உணவு சாப்பிட்ட 14 வயது மாணவி உயிரிழந்தார். அதே கடையில் சாப்பிட்ட 40-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் மாநிலம் முழுக்க உணவகங்களில் சோதனை வேகமெடுத்தது. ஓர் உயிர் போன பிறகு நடக்கும் சோதனையைவிட, முன்கூட்டியே ஒருவர் அனுப்பும் புகாருக்கு மதிப்பு அதிகம்.

ஃபார்வர்டு வேறு, புகார் வேறு

2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சி பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறது என்று சந்தேகம் கிளம்பி, 'நாய்க்கறி' என்ற செய்தி சில மணி நேரத்தில் எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. பிரியாணிக் கடை வியாபாரம் படுத்தது. கடைசியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வில் அது ஆட்டிறைச்சிதான் என்று தெரிந்தது.

இதில் நாம் படிக்க வேண்டியது இரண்டு விஷயம். முதலாவது, ஆய்வு முடிவு வரும் முன் பரவிய செய்தியால் எந்தத் தப்பும் செய்யாத ஆயிரக்கணக்கான கடைக்காரர்கள் அடிபட்டார்கள். இரண்டாவது, 'எந்த விலங்கு?' என்ற பரபரப்பில் அதைவிடப் பெரிய கேள்வி காணாமல் போய்விட்டது. 2,000 கிலோமீட்டருக்கு மேல், ஒன்றரை நாளுக்கும் அதிகமாகப் பயணம் செய்த இறைச்சி வழியெல்லாம் சரியான குளிரில் இருந்ததா? அறுத்த இடத்தில் மருத்துவர் பார்த்தாரா? அது ஆடாகவே இருந்தாலும் இந்தக் கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

நூறு பேருக்கு ஃபார்வர்டு செய்தால் நூறு பேருக்குப் பயம் வரும், கடை மாறாது. அதே படத்தை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினால் அது ஒரு பதிவு. அதற்குப் பதில் சொல்ல ஓர் அலுவலர் இருக்கிறார்.

புகார் செய்வது எப்படி?

தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண் இருக்கிறது. அதை இப்போதே உங்கள் போனில் 'உணவுப் புகார்' என்று சேமித்து வையுங்கள். துறையின் நுகர்வோர் செயலியிலும் இணையதளத்திலும் புகார் பதியலாம். தேசிய அளவில் 1800 112 100 கட்டணமில்லா எண். மாநில அரசின் பொது உதவி எண் 1100.

புகாரில் என்ன இருக்க வேண்டும்? ஒரு மாதிரி:

"கடைப் பெயர், தெரு, அடையாளம்: பேருந்து நிலையம் எதிரில். நாள், நேரம்: ஞாயிறு காலை 8.20. பார்த்தது: முத்திரை இல்லாத ஆட்டிறைச்சி வாசலில் மூடாமல் தொங்கியது, கழிவுநீர் தெருவில் ஓடியது, 14 இலக்க எண் எங்கும் இல்லை. இணைப்பு: இரண்டு படங்கள், ரசீது."

இவ்வளவு போதும். 'மகா மோசம்', 'கொலைகாரப் பாவிகள்' போன்ற வார்த்தைகள் வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டதை எழுதினால் 'கேள்விப்பட்டது' என்றே குறிப்பிடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து படம் எடுங்கள்; கடைக்குள் புகுந்து சண்டை போட்டு எடுக்க வேண்டியதில்லை. உங்கள் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். அனுப்பிய புகாரின் எண்ணையோ திரைப் படத்தையோ பத்திரமாக வைத்திருங்கள்.

யாரிடம் எந்தக் குறை என்பதும் முக்கியம். கடைச் சுத்தம், கெட்ட கறி, உரிம எண் இல்லாமை ஆகியவை உணவு பாதுகாப்புத் துறைக்கு. தெருவில் கழிவு கொட்டுவது, கூடத்துக்கு வெளியே ஆடு அறுப்பது ஆகியவை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கு. இரண்டும் கலந்திருந்தால் இருவருக்கும் அனுப்பலாம், தப்பில்லை.

புகார் போன பிறகு என்ன நடக்கும்?

ஒவ்வொரு மாவட்டத்திலும் நியமன அலுவலர் ஒருவர், அவருக்குக் கீழே உணவு பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். அலுவலர் கடைக்குள் நுழைந்து சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம், கெட்டதைப் பறிமுதல் செய்யலாம்.

எடுத்த மாதிரியை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிடுவார்கள். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம். கடைக்காரர் கேட்டால் நான்காவது அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்குப் போகும். கடைக்காரருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. ஆய்வறிக்கை 14 நாளுக்குள் வர வேண்டும். சென்னை, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன.

குறை திருத்தக்கூடியது என்றால் பிரிவு 32-இன்படி திருத்த அறிவிப்பு தரப்படும். அப்போதும் சரி செய்யாவிட்டால் உரிமம் நிறுத்தி வைப்பு, பிறகு ரத்து. மக்கள் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்றால் பிரிவு 34-இன்படி அவசரத் தடை விதிக்கலாம். சுகாதாரமற்ற முறையில் உணவைத் தயாரித்ததற்குப் பிரிவு 56-இல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கெட்ட உணவால் உயிர் போனால், பிரிவு 65-இன்படி குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத இழப்பீடு.

பெரும்பாலான அபராத வழக்குகளை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரிப்பார். அதனால், "புகார் கொடுத்தேன், மறுநாளே கடையை மூடலையே" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். விசாரணைக்கும் கால அவகாசத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பதிலே வரவில்லை என்றால் புகார் எண்ணைக் காட்டி மாவட்ட நியமன அலுவலரிடம் கேளுங்கள்.

நீங்களே பரிசோதிக்க அனுப்பலாம்

பலருக்குத் தெரியாத உரிமை இது. பிரிவு 40-இன்படி, வாங்கியவரே உணவைப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துக் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் 'இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். முடிவில் உணவு தரமற்றது என்று தெரிந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.

உங்கள் ஊரில் கூடம் இருக்கிறதா?

இங்கே ஒரு கசப்பான உண்மையைப் பேச வேண்டும். அங்கீகாரம் பெற்ற கூடம் பக்கத்தில் இல்லாத ஊர்கள் நிறைய. அங்கே கடைக்காரர் கடைப் பின்புறத்திலோ சந்திலோ ஆட்டை அறுக்கிறார். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருபது கிலோமீட்டர் ஆட்டை ஓட்டிப் போய் அறுத்துக்கொண்டு வா என்றால் அவர் பிழைப்பு எப்படி நடக்கும்? கூடமும் மருத்துவரும் இருந்தால்தான் முதல் இரண்டு வளையமும் இருக்கும்.

இதைக் கேட்க உங்களுக்கு வழி உண்டு. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு உங்கள் உள்ளாட்சிக்கு மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். கேட்க வேண்டியவை:

"எங்கள் ஊர் எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற இறைச்சிக்கூடம் எது? அங்கே சோதிக்கும் கால்நடை மருத்துவர் யார், எந்த நேரம் வருவார்? கடந்த மாதம் எத்தனை விலங்குகள் சோதிக்கப்பட்டன, எத்தனை கழிக்கப்பட்டன?"

பதில் 'கூடம் இல்லை' என்று வந்தாலும் அது வீண் அல்ல. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையிலோ பகுதி சபையிலோ பேசுங்கள். சும்மா 'சுத்தமே இல்ல சார்' என்று புலம்புவதைவிட அந்த ஒரு தாளுக்கு எடை அதிகம்.

கடைசி வளையம்: உங்கள் சமையலறை

வாங்கிய கறியை நேரே வீட்டுக்குக் கொண்டு போங்கள். கறிப் பையை வண்டியில் மாட்டிவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போகாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூடிய பாத்திரத்தில், கீழ்த் தட்டில் வையுங்கள். அதன் சாறு காய்கறி மேல் சொட்டக் கூடாது. கறி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் கழுவாமல் வெங்காயம், தக்காளி நறுக்காதீர்கள். கோழிக்கறியின் நடுப்பகுதி குறைந்தது 75 டிகிரி வெப்பம் அடையும்படி, இளஞ்சிவப்பு போகும் வரை வேக வையுங்கள். பிசுபிசுப்பு, பச்சை நிறம், புளித்த வாடை இருந்தால் மசாலா போட்டுச் சரி செய்ய நினைக்காமல் ஒதுக்கிவிடுங்கள். வெந்த பிறகும் போகாத நச்சுகளைச் சில கிருமிகள் விட்டுச் செல்லும்.

இந்த வாரம் செய்ய மூன்று வேலை

ஒன்று, 94440 42322 எண்ணைச் சேமியுங்கள். இரண்டு, உங்கள் வழக்கமான கடையின் 14 இலக்க எண்ணைச் செயலியில் அடித்துப் பாருங்கள். மூன்று, அடுத்த முறை கறி வாங்கும்போது, "எங்கே அறுத்தது அண்ணே, முத்திரை இருக்கா?" என்று ஒரு தடவை கேளுங்கள். உங்களுக்கு முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் அதைக் கேட்பார்கள். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால், அடுத்த வாரம் முத்திரை உள்ள கறி கடையின் முன்பக்கம் தொங்கும்.